அயனம்பாக்கம் ஏரியில் அத்தை ஏறின கார்

சித்திரை மாசக் கடைசி ஞாயிறு. காலை ஏழு மணி. ரேஸுக்கு வந்த வண்டி ஆறு. யுத்தம் ஆரம்பிக்கிறதுக்கு முந்தின வருஷம்.

காய்ஞ்ச ஏரி மண்ணுல பெட்ரோல் சிந்தினா ஒரு வாசனை எழும்பும்... சுட்ட செங்கல்ல தண்ணி தெளிச்ச மாதிரி, கூடவே மூக்கைக் குத்துற ஒரு காரம். அன்னிக்கு அயனம்பாக்கம் ஏரி பூரா அந்த வாசனைதான்.

நம்ம கையெழுத்துப் பத்திரிகைக்குப் பழசு ஏதாவது எழுதுன்னு மாசக்கணக்கா நச்சரிச்சீங்க. இந்தாங்க.

ரேஸ்னதும் பெரிசா நினைக்காதீங்க. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் கார் வச்சிருந்த சில பேர் ஏரி வத்தினதும் கூடுவாங்க. நாலு மூலையில கொடி, அஞ்சு சுத்து. தினம் ரோட்டுல ஓடுற வண்டியாத்தான் இருக்கணும். எதை வேணா கழட்டலாம். புதுசா எதையும் மாட்டக் கூடாது, மூட்டை முடிச்சு ஏத்தக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

எங்க வண்டி அத்தையோடது. மாமா செத்தப்புறம் மிஞ்சின வாடகைக் கார். வாரம் பூரா கரையான்சாவடியில நிக்கும்... கல்யாணம், பிரசவம், கோர்ட்டுன்னு சவாரி. ஓட்டுறது அத்தை மகன் தனபால் மச்சான். ரிப்பேர் நான், டெக்னிகல் ஸ்கூல் முடிச்ச புதுசு. டீம்னா இந்த மூணு பேரும் ஒரு ஷெட்டும்தான்.

அதுக்கு முந்தின ரேஸ்ல ஆக்சில் உடைஞ்சு, மாடு கட்டி இழுத்துகிட்டு வந்தோம். சவாரி நின்னுபோச்சு. அத்தைக்குப் பொறுமையும் போச்சு. பூந்தமல்லியில தோல் வியாபாரம் பண்ற காதர் பாய் ரொம்ப நாளா வண்டியை விலைக்குக் கேட்டுகிட்டு இருந்தார். ரேஸ்லயும் எங்களுக்குப் போட்டி அவர்தான். முதல் நாள் சாயங்காலம் அத்தை முடிவாச் சொல்லிட்டாங்க.

"நாளைக்கு வண்டி தானா ஓடி ஊட்டுக்கு வந்தா நம்முது. தள்ளிகினு வந்தீங்கன்னா பாயோடது."

வண்டி போச்சுன்னா மச்சான் எவன் லாரியிலயாவது கிளீனரா ஏறணும். அது அவருக்குத் தெரியும்.

நான் பின்சீட்டு, கதவு, மட்கார்டு எல்லாத்தையும் கழட்டிட்டேன். எடை குறைஞ்சா இன்ஜினுக்குச் சிரமம் குறையும். ஆனா ஏரியில வெள்ளோட்டம் ஒரு சுத்து போனதுமே விஷயம் தெரிஞ்சது. பின்சக்கரம் மாவு மாதிரி புழுதியில சும்மா சுத்துது... வளைவுல வண்டி நகர மாட்டேங்குது. பின் ஆக்சில் மேல பாரம் வேணும். மூட்டை ஏத்தக் கூடாது. ஆள் ஏறலாம்.

நான் மச்சான் பக்கத்துல உக்காந்து பெட்ரோலுக்குக் கைப்பம்பு அடிக்கணும். மிச்சம் இருந்தது, கரையில குடை பிடிச்சுகிட்டு நின்ன அத்தை.

நேராப் போனேன். சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது.

"அத்தே, வந்து பின்னாடி ஏறு. வெயிட்டு வேணும்."

"எவ்ளோடா கீறேன் நானு?"

"ஒரு அரிசி மூட்டைக்கு மேலயே வரும்."

மச்சான் கண்ணை மூடிகிட்டார். அத்தை நிதானமா குடையை மடிச்சு என் கையில குடுத்தாங்க.

"உனுக்கு எவ கழுத்த நீட்டப் போறாளோ, நைனா."

சொல்லிட்டு, கொசுவத்தை இழுத்துச் செருகிகிட்டு ஏறிட்டாங்க. சீட்டுதான் இல்லையே... கோணி மேல சப்பணம் போட்டு உக்காந்து, முன்சீட்டு முதுகை ரெண்டு கையாலயும் பிடிச்சுகிட்டாங்க.

சக்கரம் மண்ணைப் பிடிச்சது. ரேஸ் ஆரம்பிச்சதும் மத்த நாலு வண்டியும் பின்தங்கிடுச்சு. மூணு சுத்து பாய் வண்டி பின்னாடியே ஒட்டிகிட்டுப் போனோம். நாலாவதுல ரேடியேட்டர் மூடியில ஆவி. காலை எடு, பாய் போகட்டும், ஊடு போய்ச் சேர்ந்தாப் போதும்னு மச்சான்கிட்ட சொன்னேன். எடுத்தார். பாய் கிளப்பின புழுதி மொத்தமும் எங்க வாயில.

பின்னாடியிருந்து குரல்.

"இன்னாத்துக்குடா கால எடுத்த?"

இன்ஜின் கொதிக்குது, நின்னுடும்னு விளக்கினேன்.

"நின்னா நிக்கட்டும். பாய் முதுகையே பாத்துகினு எவ்ளோ நேரம் வர்றது? அழுத்துடா தனபாலு."

அழுத்தினார். கடைசி வளைவுல பாய் வண்டி வழுக்கி வெளிப்பக்கமா ஒதுங்கிப் போச்சு. நாங்க உள்பக்கமா நுழைஞ்சு தாண்டிட்டோம். கொடியைக் கடந்ததும் ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சது... வண்டி நின்னுபோச்சு.

ஜெயிச்சது எங்களுக்கு உறைக்கவே இல்ல. மச்சான் ஸ்டீயரிங்கை விடாம உக்காந்திருந்தார். காதர் பாய் தோள்ல கயிறோட வந்தார். அத்தை வச்ச நிபந்தனை அவருக்கும் தெரியும்.

"இழுத்துகினு போய் எங்க வுடணும்க்கா? உங்க ஊட்டுலயா, என் ஊட்டுலயா?"

அத்தை முந்தானையால முகத்தைத் துடைச்சாங்க. துடைச்ச இடம் மட்டும் கறுப்பு, மிச்சமெல்லாம் வெள்ளைப் புழுதி.

"என் ஊட்டுலயே வுடு பாய். பசங்க மெதுவா போவத்தான் பாத்தானுங்க, அழுத்த சொன்னது நானு. வண்டி விக்கிறதுக்கு இல்ல."

பாய் சிரிச்சுகிட்டே கயிறைக் கட்டினார். கரையான்சாவடி வர்ற வரைக்கும் அத்தை வண்டியை விட்டு இறங்கல.

இப்போ யுத்தம் முடிஞ்சாச்சு. பெட்ரோல் இன்னும் கூப்பனுக்குத்தான். ஆவடிப் பக்கம் போனா மிலிட்டரி லாரிக்கு வழி விட்டே பொழுது போயிடுது. மச்சான் பெட்ரோலுக்குப் பதிலா கரியை எரிச்சு அந்த காஸ்ல ஓடுற பஸ் ஓட்டுறார். மேடு வந்தா பாசஞ்சர் இறங்கித் தள்ளணும். எங்க வண்டி டயர் இல்லாம செங்கல் மேல நிக்குது. அத்தை பாதியா இளைச்சுட்டாங்க. போன வாரம் ஷெட்டுக்கு வந்து பானட்டைத் தடவிப் பாத்துட்டு, இது இன்னும் ஓடுமாடான்னு கேட்டாங்க. ஓடும்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்ல. அதனால:

1. இன்ஜினைப் பிரிச்சு பிஸ்டன் நாலையும் பாக்கணும்.

2. டயர். வெள்ளானூர்ல ஒருத்தர் மிலிட்டரி ஏலத்துல எடுத்து வச்சிருக்காராம். போய்க் கேக்கணும்.

3. காதர் பாய் இன்னும் வண்டி வச்சிருக்காரான்னு விசாரிக்கணும். தனியா ஓடினா அது ரேஸ் இல்ல.

4. இந்தத் தடவை பின்சீட்டைக் கழட்டக் கூடாது. அத்தையால இப்போ தரையில உக்கார முடியாது.

5. ஏரியில தண்ணி நிறைய இருக்கு. வத்துற வரைக்கும் காத்திருக்கணும். இது ஒண்ணுதான் எனக்குத் தெரியாத வேலை.