மரவள்ளிக் கறிக்குக் கீழே இருக்க வேண்டிய வரி

எங்கள் அம்மா பயந்தவர். நினைவு மலரில் இப்படித் தொடங்குவது முறையில்லை என்று அப்பா சொன்னார். "துணிச்சல்காரி எண்டு எழுது பிள்ளை, நாலு சனம் வாசிக்கிறது" என்றார். ஆனால் இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேரையாவது அம்மா தொலைபேசியில் அழைத்து, "அடுப்பை நிப்பாட்டிப்போட்டோ இருக்கிறியள்?" என்று கேட்டிருப்பார். உங்களிடம் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அம்மா வடமராட்சியில் பிறந்தவர். வீட்டுக்கு மூத்த பிள்ளை என்பதால் சின்ன வயதிலேயே அடுப்படி அவர் பொறுப்பில் வந்துவிட்டது. போர்க்காலத்தில் குடும்பம் வன்னிக்கு இடம்பெயர்ந்தபோது, மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறொன்றும் அகப்படாத நாட்கள் இருந்தன. அப்படியொரு நாள், அம்மா அவித்துக் கொடுத்த கிழங்கைத் தின்ற கடைசித் தம்பிக்கு, தடிமனும் சளியும் என்று பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர்கள் இஞ்சி அவித்துக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார்கள். பின்னேரம் வாந்தி தொடங்கியது. வாகனமும் இல்லை, மருத்துவரும் இல்லை. நான் கண்டிராத அந்த மாமா பிறகு எழும்பவேயில்லை. மரவள்ளியும் இஞ்சியும் சேர்ந்தால் நஞ்சு என்று எங்கள் சனம் எல்லோரும் சொல்வார்கள். அம்மா அதைக் கண்ணால் கண்டதாகவே நம்பினார்.

அப்பாவின் பின்னால் இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்து, சீசாப் பகுதியில் சின்ன வீடெடுத்து, சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைக்கும் இத்தாலிய அம்மையார் ஒருவர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். இங்கும் பயம் விட்டபாடில்லை. விசாவுக்காகக் கெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாளில் காலையில் சாப்பிட மாட்டார். பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி கையில் வந்த பிறகும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

இப்படிப்பட்டவர் எழுத்தாளரானது அப்பாவின் குறும்பால். இங்குள்ள தமிழர் சிலர் சேர்ந்து ஒரு மாத இதழ் தொடங்கினார்கள். சமையல் பக்கத்துக்கு ஆள் தேடியபோது, அப்பா அம்மாவைக் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அம்மா சில நாட்கள் அவரை ஏசினார். பிறகு பேனாவை எடுத்தார். எதை எழுதுவதானாலும் முதலில் தானே சமைத்து, தானே உண்டு, மறுநாள் வயிறு சுகமாக இருந்தால்தான் எங்களுக்குத் தருவார். நாங்களும் சுகமாக இருந்தால்தான் எழுதுவார். ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊரின் சாளை மீனுக்குப் பெருஞ்சீரகச் செடியின் இலை போட்டுச் சொதி வைப்பதும், இங்குள்ள ரவையில் புட்டு அவிப்பதும் அவர் பக்கத்தில் வந்தவைதான். அளவுக்கு, இத்தாலியில் எந்த வீட்டிலும் இருக்கும் சின்னக் கோப்பிக் கோப்பையைச் சொன்னார். நேற்று வந்திறங்கிய பெண்களுக்கும் அது விளங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. முதல்நாள் கோவிலில் புது இதழ் கொடுத்திருந்தார்கள். காலையில் தேநீரோடு அதைப் பிரித்த அம்மா, "ஐயோ பிள்ளை, வரியைக் காணேல்லை" என்றார். அந்த மாதம் அவர் எழுதியது மரவள்ளிக்கிழங்குக் கறி. மூடாமல் அவிக்க வேண்டும், அவித்த தண்ணீரை வெளியே ஊற்றிவிட வேண்டும் என்பதெல்லாம் இருந்தது. அன்றைக்கு இஞ்சி வாயில் படக்கூடாது என்ற கடைசி வரி மட்டும் இல்லை. யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் வாழ்த்துப் படத்துக்கு இடம் போதாமல் அதை வெட்டியிருந்தார்கள். அது போதாதென்று, வேறொரு மாதத்துக்காக அம்மா எழுதிக் கொடுத்த இஞ்சித் தேத்தண்ணியை அதே பக்கத்தின் அடியில், 'சாப்பிட்ட பின் குடிக்க உகந்தது' என்று போட்டிருந்தார்கள்.

அப்பா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "உம்மடை பக்கத்தைப் பாத்தே இஞ்சை சனம் சமைக்குது?"

"சமைக்குது" என்றார் அம்மா. "ஞாயிற்றுக்கிழமைதானே எல்லாரும் வீட்டிலை நிப்பினம். இண்டைக்குத்தான் சமைக்குங்கள்."

ஆளுக்கொரு தொலைபேசியோடு உட்கார்ந்தோம். தெரிந்த வீடுகளுக்கெல்லாம் அழைத்தோம். பலர் எங்களைப் பகிடி பண்ணினார்கள். சிலர் அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்தார்கள். சுகந்தி மட்டும் எடுக்கவில்லை. ஸ்ஃபெர்ராகவால்லோவில் கணவரோடு இருந்த இளம்பெண் அவர். கணவர் அங்கேயே ஒரு மீன் உணவகத்தில் வேலை செய்தார், ஞாயிறு மதியத்தில் அவரைப் பிடிக்கவே முடியாது. அம்மாவின் பக்கத்தில் வருவதை ஒரு மாதம் தவறாமல் சமைத்துப் பார்ப்பவர் சுகந்தி. அப்போது அவர் வயிற்றில் தலைப்பிள்ளை.

அம்மா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். வந்த பஸ்ஸும் ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று போனது. அம்மா கந்தசஷ்டி விரதத்துக்கு நேர்ந்தார், பிறகு பழனிக்கு நேர்ந்தார், பிறகு இனி எழுதவே மாட்டேன் என்று நேர்ந்தார். நான் அவர் கையைப் பிடித்திருந்தேன்.

சுகந்தி கதவைத் திறந்தார். முகம் வாடி, ஒரு கை சுவரில். "அக்கா, நீங்கள் எழுதின மரவள்ளிக் கறி வைச்சனான். நல்லாயிருந்தது. பிறகு இஞ்சித் தேத்தண்ணியும் குடிச்சனான். ஏனெண்டு தெரியேல்லை, ஒரே சத்தி, எல்லாம் வெளியிலை வந்திட்டுது."

அம்மா அப்படியே வாசற்படியில் அமர்ந்துவிட்டார். நான்தான் அம்புலன்சுக்கு அழைத்தேன்.

மருத்துவமனையில் மருத்துவரிடம் இத்தாலியனில் நான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இஞ்சியால் ஒன்றும் வராது, கிழங்கு சரியாக அவியாவிட்டால்தான் ஆபத்து, இது பெரும்பாலும் மசக்கையாக இருக்கும் என்றார். ஆனாலும் பின்னேரம் வரை சுகந்தியை வைத்துப் பார்த்தார்கள். அந்த நேரம் முழுக்க அம்மா தண்ணீரும் குடிக்காமல் நடைபாதையில் நின்றார். பிள்ளையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்று தாதி வந்து சொன்ன பிறகுதான் கதிரையில் அமர்ந்தார்.

திரும்பி வரும்போது நான், "டொக்டர் சொன்னவர்தானே அம்மா, இஞ்சியாலை ஒண்டுமில்லையெண்டு" என்றேன்.

"டொக்டர் சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றார் அம்மா. "ஆனா என்ரை தம்பி எழும்பேல்லையே."



அதன் பிறகு அம்மா எழுதுவதை விட்டுவிட்டார். இதழ்க்காரர் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டும் அசையவில்லை. கடைசியில் சுகந்திதான் கைக்குழந்தையோடு வந்து, பிள்ளையை அம்மாவின் மடியில் கிடத்திவிட்டு, "நீங்கள் எழுதாட்டி நான் என்னத்தைச் சமைக்கிறது அக்கா?" என்று கேட்டார். அம்மா பிள்ளையின் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அடுத்த மாதமே சமையல் பக்கம் மீண்டும் வந்தது. பல வருடங்கள் கழித்து அது புத்தகமானபோது, எல்லாக் குறிப்பிலும் எச்சரிக்கையை முதலில் போட்டார். "கடைசியிலை போட்டால்தானே வெட்டுவினம்" என்றார். சாதாரணச் சோற்றுக்கும் எச்சரிக்கை எழுதியிருக்கிறார் என்று நாங்கள் இன்றைக்கும் பகிடி பண்ணுவோம்.

வருத்தம் வந்து படுத்த பிறகு பயம் எங்கள் பக்கம் மாறிவிட்டது. ஊசிக்கும் பயப்படுகிற அம்மா அமைதியாகக் கிடந்தார். அவருடைய ஒவ்வொரு இருமலுக்கும் நான் திடுக்கிட்டேன். கதைக்க முடிந்த கடைசி நாட்களில் ஒருதடவை, "இண்டைக்கு என்ன சமைச்சனீ?" என்று கேட்டார். மரவள்ளி என்றேன். கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். "இஞ்சி இல்லையம்மா" என்றேன். அதன் பிறகே கண்ணை மூடினார்.

அம்மாவை இறுதிவரை பார்த்த தாதியருக்கும், சொந்த மனிதரைப் போல வந்து அழுத சிஞ்ஞோராவுக்கும், சமைத்துக் கொண்டுவந்து எங்களை உண்ணச் செய்த சீசா அயலவர்களுக்கும், அன்று பகிடி பண்ணிவிட்டும் சட்டியை இறக்கி வைத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலரைக் கணினியில் கோர்த்துத் தந்தவள் மைதிலி. சுகந்தியின் மூத்த மகள், அன்று வயிற்றில் இருந்தவள். நேற்று அவள் என்னை அழைத்து, "அன்ரி, பக்கத்திலை இடம் காணாது. கடைசி வரியை எடுக்கட்டே?" என்று கேட்டாள்.

"அம்மான்ரை படத்தைச் சின்னனாக்கு பிள்ளை. வரியிலை கை வையாதை" என்றேன்.

ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, இன்றைய பந்தியில் அம்மாவுக்குப் பிடித்த மரவள்ளிக்கிழங்குக் கறி உண்டு. தயவுசெய்து இன்று முழுவதும் யாரும் இஞ்சி சேர்க்க வேண்டாம்.