ஒழுகும் தொட்டி

அப்பா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. வேலைக்குக் கிளம்பும்போது நான் அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும் சொம்பு, சாயங்காலம் வந்து பார்த்தால் அப்படியே நிறைந்திருக்கும். கேட்டால், "தாகமே இல்லம்மா" என்பார்.

கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். முழங்கால் மடங்காமல் போனபின் அவரை என்னோடு வைத்துக்கொள்வதற்காக, நாற்காலி போல உட்காரும் டாய்லெட் உள்ள வீடாகத் தேடி, நகரத்தில் அடுகோடி என்ற பகுதியில் பிடித்தேன். அந்த டாய்லெட்டின் ஃப்ளஷ் டேங்க் கெட்டுப்போய், தண்ணீர் நிற்காமல் ஒழுக ஆரம்பித்தது. மாடியிலிருந்த வீட்டுக்கார அம்மா, "காவேரித் தண்ணி தினமும் வராதும்மா, கீழ சம்ப் தொட்டி காலியாகுது" என்று சத்தம் போட்டார். டேங்குக்குப் போகும் குழாயை மூடிவிட்டேன். அதற்கப்புறம் பக்கெட்தான். அப்பாவால் பக்கெட்டைத் தூக்க முடியாது. பகலில் நான் இல்லாதபோது போக வேண்டியதே வரக்கூடாதென்று தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்.

ப்ளம்பர் தினமும் நாளைக்கு என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டேங்கின் மூடியை நானே தூக்கிக் கீழே வைத்தேன்.

"அதுலயா கை வெக்கிற? பொம்பளப் புள்ள செய்ற வேலையா இது?" என்று அப்பா கதவைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"குழாய்ல வர்ற நல்ல தண்ணிதாம்பா இது."

தண்ணீர் ஏறும்போது தானும் மிதந்து ஏறி வால்வை அடைக்க வேண்டிய பிளாஸ்டிக் பந்து, விரிசல் விட்டு உள்ளே தண்ணீர் புகுந்து மூழ்கிக் கிடந்தது. வால்வுக்குள் இருந்த ரப்பர் வாஷரும் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. துருப்பிடித்த நட்டு அசையவில்லை. தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்து, சைக்கிள் கடையில் இரவல் வாங்கிய ஸ்பேனரோடு மல்லுக்கட்டித் திருப்பினேன். புறங்கை கிழிந்தது.

கழற்றியதைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"வீட்ல ஜென்ட்ஸ் இருந்தா அனுப்புங்க மேடம்," என்றார் கடைக்காரர்.

"நான்தான் மாத்தப்போறேன். இதே சைஸ் குடுங்க."

வாங்கி வந்த புதுப் பந்தையும் வாஷரையும் மாட்டிவிட்டுக் குழாயைத் திறந்தேன். பந்து நன்றாக மேலேறியது. தண்ணீர் மட்டும் நூல்போல வந்துகொண்டே இருந்தது. வாஷர் மெல்லியது.

"விட்டுடும்மா, நான் சமாளிச்சுக்கறேன்."

"தண்ணியே குடிக்காம சமாளிக்கிறீங்க. எனக்குத் தெரியும்பா."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, கடை மூடுவதற்குள் ஓடிப்போய்த் தடித்த வாஷர் வாங்கி வந்தேன். இந்த முறை தண்ணீர் ஏறியது, பந்து ஏறியது, சத்தம் குறைந்து குறைந்து நின்றேவிட்டது.

"நீ கொஞ்சம் வெளிய போ," என்று அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஃப்ளஷ் சத்தம் கேட்டது. டேங்க் நிறைந்து ஓய்ந்ததும் மறுபடி ஃப்ளஷ்.

"நிக்குது," என்றார், வெளியே வந்து.

சில வாரம் கழித்து, அவரோடு சுரங்கத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்தார். நான் டீ போட்டு எடுத்து வந்தால் கூடத்தில் இருவரையும் காணோம். டாய்லெட்டில் டேங்கின் மூடியைத் திறந்துவைத்து, தலையோடு தலை ஒட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் மவ மாத்துனது," என்றார் அப்பா. "பந்தக் கையால அழுத்தி விட்டுப் பாரு, எப்படி அடைக்குதுன்னு."