'உள்ளே' என்று எழுதும் சாலமோன்

சாலமோன் போய்விட்டான். இன்று காலை, அனுமந்தன்பட்டி வீட்டில்... நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அல்லிநகரத்தில் எங்கள் ஃபர்னிச்சர் பட்டறைக்கு வந்தவர்களுக்கு அவனைத் தெரியும். காதில் பென்சில், கையில் மரத்தில் துளையும் பள்ளமும் போடும் ரௌட்டர் மெஷின், தலையெல்லாம் மரத்தூள். ஒன்றாகத் தொழிலுக்கு வந்து, ஒன்றாகப் பட்டறை போட்டவர்கள் நாங்கள்.

நான் இழைப்புளி, உளி என்று கைவேலைக்காரன். அவன் மெஷின் பைத்தியம். புது மெஷின் வந்தால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

"மாப்ள, நீ ஒரு பலகைய இழைச்சு முடிக்கிறதுக்குள்ள நான் கம்பம் போயிட்டுத் திரும்பிருவேன்" என்பான்.

"போயிட்டு வாடா, அதுவரைக்கும் காதாவது நிம்மதியா இருக்கும்" என்பேன். தினமும் இதே சண்டைதான். சண்டை போடாத நாளில் இரண்டு பேருக்கும் வேலை ஓடாது.

ஒரு தடவை கல்யாணக் கட்டில். நல்ல தேக்கு. சட்டம் இறங்க, கால்களில் துளை போட வேண்டும். இடது காலுக்கும் வலது காலுக்கும் துளை எதிரெதிர்ப் பக்கம் வரணும். இவன் மெஷினில் ஒரு தடவை அளவு வைத்துவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே நாலு காலையும் ஓட்டிவிட்டான்.

நாலும் இடது கால்!

நான் சிரித்த சிரிப்பில் டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அவன் மட்டும் கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏலே, தலைகீழா வச்சா சரியா வருமோ?" என்று கேட்டான் பாருங்கள்...

அதற்கப்புறம் எந்த வேலை என்றாலும், பலகையின் உள்பக்கத்தில் சாக்பீஸால் 'உள்ளே' என்று பெரிதாக எழுதிவிட்டுத்தான் மெஷினை ஆன் செய்வான். பாதி நேரம் அழிக்க மறந்துவிடுவான்.

கடமலைக்குண்டு கஸ்டமர் ஒருத்தர் போன் செய்தார். "என்னப்பா, பீரோவத் தொறந்தா 'உள்ளே'ன்னு எழுதியிருக்கு?"

இவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சேலைய அங்கன வைக்கணும்ணே... மறந்துட்டா?"

இன்று மதியம் அவன் மனைவி எஸ்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, கடையில பெட்டி வாங்க வேணாம். அவுக பட்டறையிலயே செஞ்சிருங்க. அவுகளும் அதத்தான் கேட்டிருப்பாக."

சாயங்காலத்துக்குள் சவப்பெட்டி வேண்டும். கையால் செய்தால் முடியாது. அவனுடைய ரௌட்டரை எடுத்தேன். இத்தனை வருஷத்தில் நான் அதைத் தொட்டதே கிடையாது.

பக்கப் பலகைகள் தலைமாட்டில் உயரம், கால்மாட்டில் தாழ்வு. அடிப்பலகை செருகுவதற்கு உள்பக்கம் நீளமாக ஒரு காடி, அதாவது பள்ளம், வெட்ட வேண்டும். கண்ணைத் துடைத்துத் துடைத்து இரண்டு பலகையையும் ஓட்டி முடித்தேன். நிறுத்திப் பார்த்தால்...

இரண்டுமே இடது பக்கம்.

சத்தியமாக, முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது என்ன சொல்லிக் கேலி செய்யப்போகிறானோ என்று திரும்பிப் பார்த்தேன். அப்புறம் மரத்தூளிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவன் மேஜை டிராயரில் சாக்பீஸ் இருந்தது. வேறு பலகை எடுத்து, 'உள்ளே' என்று எழுதிவிட்டு வெட்டினேன். சரியாக வந்தது. மேல் ஓரத்தை மட்டும் என் இழைப்புளியால் இழைத்தேன். அவன் கை படும் இடம், சொரசொரப்பாக இருக்கக்கூடாது.

வெள்ளைத் துணி விரிக்கும்போது அந்த எழுத்தை நான் அழிக்கவில்லை.

நாளைக் காலை அனுமந்தன்பட்டியில் அடக்கம். அவன் செய்த கட்டிலில் தூங்குகிறவர்கள், முடிந்தால் வாருங்கள்.

சரி மாப்ள... பெட்டி சரியா வந்திருக்கு. நீ போயிட்டு வா.