அரசி வேஷத்துக்கு ஆள் இல்லை

எங்கள் ஊர் நகரசபையில் மூன்று ஜன்னல்கள் உண்டு. பிறப்புக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. முதல் இரண்டு ஜன்னல்களுக்கு வருகிறவர்கள் இனிப்பு கொண்டுவருவார்கள், பேரீச்சம்பழம் கொண்டுவருவார்கள். மூன்றாவதுக்கு யார் என்ன கொண்டுவரப் போகிறார்கள்? அந்த மூன்றாவது ஜன்னலில்தான் ஸூலிகா ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தாள். கன்னியாஸ்திரீகளின் தையல் பள்ளியில் பன்னிரண்டு வயது வரை பிரெஞ்சு எழுதப் படிக்கக் கற்றவள். அல்ஜீரியா சுதந்திரம் அடைந்த கையோடு அந்த எழுத்தை நம்பித்தான் அவளுக்கு அந்த நாற்காலி கிடைத்தது.

1971-இல் அந்த நாற்காலிக்கே ஆட்டம் வந்தது. இனி ஆபீஸ் வேலையெல்லாம் அரபியில்தான் நடக்கும், வருஷ முடிவுக்குள் தேர்வு எழுதித் தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. நாங்கள் பேசுவது அரபிதானே என்று நீங்கள் கேட்பீர்கள். பேசுவதுதான். ஆனால் எங்கள் சந்தை அரபி ஒரு பக்கம், ஏட்டு அரபி வேறு பக்கம். வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியாது. நாற்பது வயதுக்கு மேல் அலிஃப், பா என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டிய கதி எங்கள் குமாஸ்தாக்களுக்கு.

மற்றவர்கள் பயந்துகொண்டு போனார்கள். ஸூலிகா வகுப்புக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். நாற்காலி பயம் அவளுக்கும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவளுக்கு வேண்டியது தன் கையால் அரபியில் எழுத ஒரே ஒரு மனு.

அவள் கணவன் மிலூத் ரயில்பாதை வேலையாள். சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த 1958-இல், பட்டப்பகலில், ரயில்வே கேட் பக்கத்தில் வைத்துப் பிரெஞ்சுச் சிப்பாய்கள் அவனைச் சுட்டார்கள். லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். உடல் திரும்பி வரவில்லை. உடல் இல்லை என்பதால் தாளில் அவன் 'காணாமல் போனவர்' ஆனான். எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவள் ஸூலிகா. அவன் சாவைப் பதியச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போட வேண்டிய தன் வீட்டு மனுவை மட்டும் எழுதவில்லை. பிரெஞ்சிலே ரெண்டு வரி எழுதிப் போடுங்களேன் என்று, அவளை லல்லா லல்லா என்று மரியாதையாக அழைக்கும் பக்கத்து ஜன்னல் ஹூரியா ஒருநாள் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான்.

"அவரைச் சுட்டவன் எந்தப் பாஷையில உத்தரவு போட்டானோ, அதே பாஷையில அவர் சாவை எழுதச் சொல்றியா?"

"அப்ப சந்தையில மனு எழுதுறவர்கிட்ட போங்களேன், லல்லா. அவர் அரபியில எழுதுவாரே."

"கூலிக்கு எழுதி வாங்க என் வீட்டுக்காரர் சாவு என்ன கழுதை வித்த ரசீதா?"

ஹூரியா அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வகுப்பெடுக்க எகிப்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் வஸ்ஃபீ. இருபத்தாறு வயது, ஒல்லிப் பிச்சான், எப்போதும் குளிர்கிறது என்று கழுத்தில் துணி. பாடப்புத்தகம் அடுத்த மாதம் வந்துவிடும் என்று அவரிடம் சொன்னார்கள். எந்த வருஷத்து அடுத்த மாதம் என்று சொல்லவில்லை. பாவம், மனிதர் இரண்டு வாரம் கரும்பலகையோடு மல்லுக்கட்டிவிட்டு, தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய நாடகத்தின் பன்னிரண்டு பிரதிகளை எடுத்து வைத்தார். ஊர்ஊராகக் காலங்காலமாக மேடையேறிய துன்பியல் நாடகம். ஒரு ராஜா, அவனைக் கொல்லும் மந்திரி, அழுது தீர்க்கும் அரசி.

"ஆளுக்கொரு வேஷம். அவங்கவங்க வசனத்துல இருக்குற சொல்லை அவங்கவங்க மனப்பாடம் பண்ணணும். வாரத்துக்கு முப்பது சொல்," என்றார் வஸ்ஃபீ.

தண்ணீர்ப் பிரிவு பூஅலாம் ராஜா வேஷத்தைப் பிடுங்கிக்கொண்டார். அவர் தொப்பைக்கு வேறெதுவும் பொருந்தாது. சந்தை வரி மெஜ்தூபுக்கு அடிமை வேஷம். மந்திரி வேஷத்தை வாத்தியாரே வைத்துக்கொண்டார். அரசி வேஷத்துக்குத்தான் ஆள் இல்லை. ஹூரியாவிடம் நீட்டினால் அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் மாட்டேன் உஸ்தாத். பக்கத்துக்குப் பக்கம் புருஷன் செத்தான், புருஷன் செத்தான்னு இருக்கு. எனக்குக் கல்யாணமாகி நாலு மாசந்தான் ஆகுது."

"இது நாடகம்மா!"

"நாடகமோ என்னவோ, வாயில வர்ற சொல்லு சொல்லுதானே? கெட்டது தூரப் போகட்டும்."

எங்கள் ஊரில் இது ஒரு பழக்கம். சாவு, நோய், பிணம் என்று வாயில் வந்தால் கூடவே 'கெட்டது தூரப் போகட்டும்' என்று சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் அது நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும். வஸ்ஃபீக்கு இது புரியவே இல்லை.

"குடுங்க, நான் படிக்கிறேன்," என்றாள் ஸூலிகா. "தினமும் அந்த ஜன்னல்ல அந்தச் சொல்லைத்தானே சொல்றேன். என் வாசலுக்கு அது எப்பவோ வந்துட்டுப் போயாச்சு."

புத்தகம் அவள் கைக்குப் போயிற்று.

அந்த வசந்தகாலம் முழுக்க எங்கள் நகரசபையில் நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ராஜா வேஷம் படித்த பூஅலாமுக்குத் தெரிந்த ஏட்டு அரபியெல்லாம் ராஜா அரபிதான். இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வராது என்று ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டினார்: 'கேளுங்கள், எம் குடிகளே! நாளை உதயம் முதல் நீரூற்றுகள் எம் ஆணைக்கு அடங்கி மௌனம் காக்கும்!' ஊரே கூடிநின்று படித்தது. அடிமை வேஷக்காரர் மெஜ்தூப் மூன்று நாள் லீவு கேட்டு எழுதிய கடிதத்தில், மேயரின் செருப்புத் தூசியைத் தன் கண்ணிமையால் துடைப்பதாக எழுதியிருந்தார். மேயருக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு கடிதம் வந்ததில்லை. மூன்று நாள் கேட்டவருக்கு ஐந்து நாள் கிடைத்தது.

ஸூலிகாவுக்கோ எல்லாம் அழுகைச் சொற்கள். புலம்பல், சாபம், மண், இரத்தம், பழி. நீல மை நோட்டில் முப்பது முப்பதாக எழுதிக்கொண்டு, ஜன்னலில் ஆள் இல்லாதபோது உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் தன் மாமனாரின் இறப்புச் சான்றுக்கு வந்த பெண்ணொருத்தி அதைக் கேட்டுவிட்டு, ஐயோ, உங்க வீட்லயுமா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் ஸூலிகாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மூன்றாம் அங்கத்தில் ராஜா சாக வேண்டும். பூஅலாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான் சாகிறேன்... கெட்டது தூரப் போகட்டும்... என் இரத்தம்... கெட்டது தூரப் போகட்டும்..."

வஸ்ஃபீ தலையில் அடித்துக்கொண்டார். "எந்த ராஜாய்யா சாகும்போது அப்படிச் சொல்லுவான்?"

"இந்த ராஜாவுக்கு வீட்ல அஞ்சு புள்ளைங்க, உஸ்தாத்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்காமல் இருக்கும்போதே நான்காம் அங்கம் தொடங்கிற்று. சபை கூடியிருக்கிறது. மந்திரி எழுந்து சொல்கிறான். வஸ்ஃபீ அந்த வசனத்தை நன்றாகவே படித்தார்: 'அரசர் வேட்டைக்குச் சென்றார். காட்டில் காணாமற்போனார். தேடிக்கொண்டிருக்கிறோம்.'

அரசி எழுந்து பதில் சொல்ல வேண்டும். ஸூலிகா எழுந்தாள். விரலை வரியில் வைத்துக்கொண்டு படித்தாள். 'அவர் காணாமற்போகவில்லை. அவரைக் கொன்றீர்கள்.'

அதற்கு அப்புறம் பத்து வரி இருந்தது. அவள் படிக்கவில்லை. விரல் அதே இடத்தில் நின்றது.

"புரியலையா லல்லா? 'கொன்றீர்கள்'னா..."

"புரியுது உஸ்தாத். இது எங்க வீட்டுச் சொல்லுதானே. கோழியை அறுக்குறதுக்கு வேற சொல்லு இருந்தாலும், மனுஷனைக் கொல்றதுக்குச் சந்தையிலயும் இதத்தானே சொல்றோம். இதைப் போய் இவ்வளவு பெரிய சபையில எழுந்து நின்னு சொல்லலாமா? மந்திரி மூஞ்சிக்கு நேராவே?"

"அரசி சொல்றாளே."

"அப்ப சொல்லலாம்," என்றாள். உட்கார்ந்து, நோட்டில் அந்தச் சொல்லை எழுதினாள். அன்றைக்கு முப்பது சொல் எழுதவில்லை. அந்த ஒன்றைத்தான் பக்கம் முழுக்க எழுதினாள்.

நவம்பரில் தேர்வு வந்தது. ஒரான் நகரத்திலிருந்து லக்தர் என்று ஒரு பரீட்சகர் வந்திருந்தார். நரைத்த மீசை, நிதானமான பேச்சு. நல்ல மனிதர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். 'உங்கள் வேலையில் எழக்கூடிய மனு ஒன்றை எழுதுக' என்பது கேள்வி. எழுதிய தாளோடு ஒவ்வொருவராக அவர் முன்னால் போய் உட்கார வேண்டும். தேற இருபதுக்குப் பத்து மார்க் வேண்டும்.

ஸூலிகாவின் தாளை எடுத்ததுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "'கேளும், நீதியின் காவலரே! மண் அவரை மறைத்தது, மனிதர் அவரை மறந்தனர்.' தங்கச்சி, இது கோர்ட்டு மனுவா, மேடையா?"

"எங்களுக்குக் கிடைச்ச புத்தகம் அதுதாங்க."

"எழுத்துப் பிழை இல்ல. ஆனா இப்படி எழுதினா எந்தக் குமாஸ்தாவும் அழுதுட்டு ஃபைலை மூடிருவான்." நான்கு இடத்தில் மார்க்கைக் குறைத்தார். பிறகு ஐந்தாவது இடத்தில் பேனா நின்றது. "இங்க 'கொன்றார்கள்'னு இருக்கு. உடல் கிடைக்கலன்னும் இருக்கு. அப்ப சட்டப்படி 'காணாமற்போனவர்'னுதான் எழுதணும். மிலூத்துங்கிறது நீங்களா வச்ச பேரா?"

"என் வீட்டுக்காரர்."

லக்தர் கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அப்ப உங்க நல்லதுக்குச் சொல்றேன், கேளுங்க. 'காணாமற்போனவர்'னு எழுதினா ரெண்டு மாசத்துல தீர்ப்பு வந்துரும். எல்லாரும் அப்படித்தான் வாங்கியிருக்காங்க. 'கொன்றார்கள்'னு எழுதினா சாட்சி கேப்பாங்க, இழுத்தடிப்பாங்க. இந்த ஒரு சொல்லை மாத்துங்க. இப்பவே உங்க மார்க்கு விளிம்புலதான் இருக்கு. தப்பான சொல்லுன்னு இதுக்கும் நான் குறைச்சா, என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

தெரியும். நாற்காலி போகும். ஆனாலும் அவர் திருப்பி நீட்டிய தாளை அவள் வாங்கவில்லை.

"'காணாமற்போனவர்'ங்கிற சொல்லு எனக்குப் பதிமூணு வருஷமாத் தெரியும், ஐயா. அதைக் கத்துக்கவா இந்த வயசுல பள்ளிக்கூடம் போனேன்?"

அவர் குறைத்தாரா, குறைக்கவில்லையா என்று எங்களுக்குத் தெரியாது. பலகையில் ஒட்டிய பட்டியலில் அவள் பெயருக்கு நேரே இருந்தது பத்து. ஒன்று குறைந்திருந்தால் அந்த ஜன்னலில் வேறு ஆள்.

மனுவை அவள் மறுபடி எழுதினாள். காவலரே, மண் என்ற மேடைப் பேச்சையெல்லாம் எடுத்துவிட்டாள். அந்தச் சொல்லை மட்டும் எடுக்கவில்லை. லக்தர் சொன்னபடியே கோர்ட் இழுத்தடித்தது. அடுத்த வருஷக் கோடையில்தான் கோர்ட்டிலிருந்து தாள் வந்தது: நேரில் பார்த்த சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும்.

ஏழு பேர் போனார்கள். மிலூத்தைச் சுட்ட அன்றைக்கு ரயில்வே கேட் பக்கத்துத் தெருவில் நின்றவர்கள். அவர்களில் மூத்தவர் மளிகைக் கடைக்காரர் கத்தூர். துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு, மீதிப் பாதி வழியாக எல்லாவற்றையும் பார்த்தவர். நீதிபதி அவரிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: இத்தனை வருஷமாக ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை?

கத்தூருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"இத்தனை வருஷமா அவரு எங்கன்னுதான் கேட்டாங்க, ஐயா. எங்களுக்குத் தெரியாது, தெரியாதுன்னோம். எப்படிச் செத்தாருன்னு இன்னிக்குத்தானே கேக்குறீங்க."