ஸ்வெட்டர் கையும் சின்னவன் காதும்

என் தங்கையின் கணவர் யாரையாவது முதல்முறை பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டார். சட்டைக் கையைப் பார்ப்பார். அது கம்பளி ஸ்வெட்டராக இருந்துவிட்டால் போச்சு. மணிக்கட்டில் எவ்வளவு பிடிப்பு, மேலே எவ்வளவு அகலம், இழுத்தால் எவ்வளவு கொடுக்கும் என்று கண்ணாலேயே அளந்துவிடுவார். ஒருநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்க, இவர் மட்டும் முன்வரிசைக்காரரின் பச்சை ஸ்வெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் அன்று மன்னிப்புக் கேட்டேன்.

கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது அவருக்கு. கால்நடை மருத்துவமனையில் இருபத்திரண்டு வருஷமாகக் காயத்துக்குக் கட்டுப் போடுகிற வேலை. அதனால் எல்லோருக்கும் அவர் கட்டுக்காரர். அதிலும் காது என்றால் அவருக்குத் தனிப் பிரியம்.

நாயின் காது நம் காது மாதிரி நேராக உள்ளே போகாது, முதலில் கீழே இறங்கி அப்புறம் பக்கவாட்டில் திரும்பும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சிருக்கீங்கல்ல அக்கா, 'ட' எழுதுவீங்கல்ல? அதேதான். அந்த மூலையிலதான் அழுக்கு, ஈரம், சீழ் எல்லாம் போய் உக்காரும். அதையும் தாண்டித்தான் செவிப்பறை" என்பார். மூலையில் அரிப்பு எடுத்தால் நாய் தலையை உதறும். விடாமல் உதறினால் காது மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்து, தோலுக்குள்ளேயே ரத்தம் கட்டி, மடல் சின்னத் தலையணை மாதிரி உப்பிவிடும். டாக்டரம்மா அதைக் கீறி ரத்தத்தை எடுத்துவிட்டு, தோலை மடலோடு சேர்த்துத் தையல் போடுவார். அதன் பிறகு காதைத் தலைமேல் மடித்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி உதறி, மறுபடி உப்பும்.

இங்கேதான் நம் ஆள் வருகிறார். வெறும் துணிக்கட்டு நாயின் தலையில் அரைநாள் நிற்காது, வழுக்கிக் கழுத்துக்கு வந்துவிடும். ஒருநாள் அவசரத்துக்குத் தன் ஸ்வெட்டரின் ஒரு கையை வெட்டி, குழாய் மாதிரி நாயின் தலையில் மாட்டி, முகத்தை மட்டும் வெளியே விட்டார். இரண்டு காதும் உள்ளே அடங்கிவிட்டன. கழுத்துப் பக்கம் இரண்டு விரல் போகிற அளவு தளர்வு. பத்து நாள் அசையாமல் நின்றது. அன்றோடு எங்கள் குடும்பத்தில் முழு ஸ்வெட்டருக்கு ஆயுள் குறைந்தது.

பெரிய நாய்க்கு ஆண்கள் ஸ்வெட்டர், குட்டிக்குப் பிள்ளைகள் ஸ்வெட்டர், பூனைக்குக் காலுறை. தங்கை அலமாரிச் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். என் வீட்டுக்காரர் அவர்கள் வீட்டுக்குப் போனால் எவ்வளவு புழுங்கினாலும் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. "கழட்டினா திரும்பி வராதுடி" என்பார்.

எங்கள் அம்மாவுக்கு மட்டும் இந்த வேலையில் பெருமை கிடையாது. மருமகனை மரியாதையாகத்தான் பேசுவாள், ஆனால் யாராவது "மாப்பிள்ளை என்ன வேலை?" என்று கேட்டால், "ஆஸ்பத்திரியில" என்று சொல்லிவிட்டு உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

அம்மா என்னோடு இருக்கிறாள். அவளுக்கு ஒரு நாய். நீளமாகத் தொங்குகிற, முடி அடர்ந்த காது. நாங்கள் இரண்டும் பெண்ணாகப் போய்விட்டதால் அதற்குச் சின்னவன் என்று பெயர் வைத்து, மகனுக்குச் செய்கிற அத்தனையும் செய்தாள். அந்தச் சின்னவனுக்குத்தான் இடது காது உப்பியது.

டாக்டரம்மா இரண்டு காதையும் பார்த்தார். வலது சுத்தம், இடதில் சீழ். மருந்து கொடுத்து, தையல் போட்டார். கட்டுக்காரர் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் ஸ்வெட்டர் கையை மாட்டினார். மாமியார் முன்னால் வேலை காட்ட இத்தனை வருஷம் கழித்து ஒரு வாய்ப்பு.

ஆறாம் நாள் சின்னவன் அதைப் பிய்த்துப் போட்டான். காது மறுபடி உப்பியது. மறுபடி தையல், இன்னும் கெட்டியான கம்பளி. ஐந்தாம் நாள் அதுவும் போனது; காது உப்பி, மூன்றாம் முறை தையல்.

டாக்டரம்மா இந்தமுறை சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை உப்பினா மடல் சருகு மாதிரி சுருங்கி, காதோட வாயையே அடைச்சிடும்மா. அப்புறம் உள்ளே மருந்து போகாது. காதுக் குழாயையே வெட்டித் திறக்க வேண்டி வரும். வயசான நாய், மயக்கம் தாங்குமான்னு சொல்ல முடியாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியைத் திறந்து, தன்னிடம் இருந்த ஒரே நல்ல ஸ்வெட்டரை, நீல நிறம், எடுத்து மருமகன் மடியில் வைத்தாள். கத்தரிக்கோலையும் வைத்தாள்.

"இதை வெட்டுங்க மாப்பிள்ளை."

"அத்தை, இது வேண்டாம். நான் வேற..."

"வெட்டுங்க. ஆனா ஒண்ணு. இதுவும் நிக்கலைன்னா, என் சின்னவன் பக்கம் உங்க கை வரக்கூடாது. எந்த ஸ்வெட்டர் கையும் வரக்கூடாது."

அவர் வெட்டினார். ஒரு கையைச் சின்னவன் தலையில் மாட்டினார். அன்று ராத்திரி ஜெபத்தில் நாய்க் காதுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர், "அப்படியே என் ஸ்வெட்டருக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு" என்றார்.

மூன்றாம் நாள் விடுமுறை. காலையிலேயே கட்டுக்காரர் வந்து எங்கள் சமையலறைத் தரையில் சின்னவனுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, காவலா?" என்றாள் அம்மா, காய் நறுக்கிக்கொண்டே.

"எப்படிக் கழட்டுறான்னு பாக்கணும் அத்தை."

"ரெண்டு தடவையும் பல்லாலயா கழட்டினான்? காலால சொறிஞ்சுதான் கழட்டினான்."

அப்போதே சின்னவன் உட்கார்ந்து சொறிய ஆரம்பித்தான். தடுக்கப் போன நான், கட்டுக்காரர் கையைக் காட்டியதால் நின்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அக்கா, எந்தக் கால்?"

"பின்னங்கால்."

"அது தெரியுது. வலதா, இடதா?"

பார்த்தேன். வலது கால். தையல் போட்டதோ இடது காது. வலிக்கிற காதை அவன் தொடவே இல்லை. நல்ல காதைத்தான் போட்டுச் சொறிந்துகொண்டிருந்தான்.

கட்டுக்காரர் மெதுவாக நீலக் கம்பளியை வலதுபக்கம் உயர்த்தி, அந்தக் காதின் அடியில் மூக்கை வைத்தார். எனக்கே இரண்டடி தள்ளி வாடை வந்தது, மறந்துபோய் மூடி வைத்த புளித்த மாவு மாதிரி. மடலின் உள்பக்கம் சிவந்து, ஈரமாக இருந்தது.

பிறகு எழுந்து அம்மா முன்னால் போய் நின்றார்.

"அத்தை, தப்பு சின்னவன் மேல இல்லை. என் மேலதான். தொங்குற காது, முடி வேற. அதைக் கம்பளிக்குள்ள போட்டு நானே அவிச்சு வெச்சிருக்கேன். காத்தே போகலை. நல்லா இருந்த காதுல புண்ணை உண்டாக்கினது என் கட்டுதான். இனிமே நான் இவனைத் தொடலை. டாக்டரம்மாவே பாக்கட்டும்."

எனக்குப் பயமாகிவிட்டது. அம்மாவின் வாய் எங்களுக்குத் தெரியும். தங்கை கையிலிருந்து ஒரு தட்டு விழுந்தாலே மூன்று நாள் திட்டிக்கொண்டிருந்தவள்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"வேற யாரும் பார்க்கலையே மாப்பிள்ளை, அந்தக் கால் எதுன்னு? ராத்திரியெல்லாம் நான் பக்கத்துலயேதான் படுத்திருக்கேன். நான் பார்த்தேனா?" என்றாள். பிறகு, "நல்ல காதை வெளியே விட வேண்டியதுதானே? இதுக்குப் போய் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு. அவன் காதே தேவலை."

அந்த நிமிஷமே கத்தரிக்கோல் வந்தது. நீலக் கம்பளியில் வலதுபக்கம் ஓர் ஓட்டை. அதன் வழியாகக் காது வெளியே வந்து தொங்கியது. சின்னவன் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு, சாப்பாட்டுத் தட்டைத் தேடிப் போனான்.

டாக்டரம்மா மறுநாள் காதுக்குள் விளக்குக் கருவியை விட்டுப் பார்த்து, "செவிப்பறை நல்லா இருக்கு. நானும் தையலையே பார்த்துட்டு இருந்துட்டேன்" என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார். அதைப் போடும் பொறுப்பை அம்மா யாரிடமும் தரவில்லை. மருமகன் சொன்னபடி மடலை மேலே தூக்கிப் பிடித்து, சொட்டு விட்டு, காதின் அடியைச் சளக் சளக் என்று சத்தம் வரும்வரை பிசைவாள். "அந்தச் சத்தம் வந்தாத்தான் 'ட'வோட மூலைக்கு மருந்து போச்சுன்னு அர்த்தம்" என்று பால் ஊற்றுகிறவருக்குக்கூட விளக்கம் சொன்னாள்.

கட்டுக்காரர்தான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. "எத்தனை நாய் அக்கா, இருபத்திரண்டு வருஷத்துல? என் கட்டுக்குள்ள எத்தனை காது அரிச்சிட்டு வாயில்லாம இருந்திருக்கும்?" என்று கேட்டார். கடவுளிடம் சொல்லுங்கள் என்றேன். சொன்னாரோ என்னவோ, மருத்துவமனைப் பெட்டியில் இருந்த அத்தனை ஸ்வெட்டர் கைகளிலும் உட்கார்ந்து ஓட்டை போட்டுவிட்டு வந்தார்.

பதினான்காம் நாள் தையல் பிரித்தார்கள். இடது காதின் நுனி மட்டும் லேசாகச் சுருங்கியிருக்கிறது. மற்றபடி அது காதுதான்.

நீல ஸ்வெட்டர் ஒற்றைக் கையோடு கொடியில் தொங்கியது. ஒருநாள் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு மருமகனைக் கூப்பிட்டாள்.

"ஒரு கை மட்டும் இருந்தா பாக்கிறவங்க கேள்வி கேப்பாங்க. ரெண்டும் இல்லேன்னா இதுதான் இப்போ தினுசுன்னு நினைச்சுப்பாங்க. இந்தாங்க, மத்ததையும் வெட்டிட்டேன்."

வெட்டிய அந்தக் கம்பளிக் கையை அவர் இரண்டு கையாலும் வாங்கி விரித்தார். பக்கவாட்டில் காது அளவுக்கு ஓர் ஓட்டை, ஓரம் பிரியாமல் நூலால் சுற்றித் தைத்திருந்தது.

"நானே போட்டுட்டேன் மாப்பிள்ளை" என்றாள் அம்மா. "நீங்க மறந்துடுவீங்க."