பிறைக்காக நின்ற பஸ்

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாணமாகி எனக்கு வந்த முதல் ரமலான். கள்ளக்குறிச்சியில் எங்களுக்குத் துணிக்கடை. மூட்டை கட்டிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போய் விற்பது என் வேலை. அந்த முறை போனது ஒரு கல்யாண வீட்டுக்கு. மறுநாள் சொந்தக்காரர்கள் கூடி ஜவுளி எடுப்பதாகப் பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார்.

சிக்கல் என்னவென்றால், அன்று இருபத்தொன்பதாவது நோன்பு. மாலையில் பிறை தெரிந்தால் மறுநாளே பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. பெருநாள் காலையில் வீட்டில் இருப்பேன் என்று புது மனைவியிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். கடைசி பஸ்ஸோ பொழுது சாய்ந்ததும் கிளம்பிவிடும். அதை விட்டால் மறுநாள் காலையில்தான் வண்டி. அது கீழே போய்ச் சேருவதற்குள் தொழுகை முடிந்து, மாமனார் வீட்டு பிரியாணியும் காலியாகிவிடும். போன் செய்து கேட்கலாம் என்றால் மலையில் அந்த வசதியும் இல்லை.

பெண்ணின் அப்பா கொடுத்த வாழைப்பழத்தில் நோன்பு திறந்துவிட்டு, அவரோடு பஸ்ஸுக்கு வந்தேன். என் ஒரு கால் படியில், கண் வானத்தில்.

“இன்னா பாய், வரீங்களா இல்லியா?” என்றார் கண்டக்டர்.

“பிறை தெரிஞ்சா வரேன். தெரியலன்னா நாளைக்கு இங்க ஜவுளி வேல கீது.”

அவர் சர்வீஸில் இப்படி ஒரு பயணியைப் பார்த்ததில்லை போல. சிரித்துக்கொண்டே உள்ளே விஷயத்தைச் சொன்னார். அவ்வளவுதான், பாதி பஸ் இறங்கிவிட்டது. ஆளாளுக்கு ஒரு திசையைக் காட்டினார்கள். கிழக்கே தேடிக்கொண்டிருந்த ஒருவரை நான்தான் தோளைப் பிடித்து மேற்கே திருப்பினேன். அங்கே மரங்களும் மேகமும் அடைத்துக்கொண்டிருந்தன. புளி மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்து, “இன்னிக்கி தெரியாதுங்க பாய், மோடமா கீது” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

டிரைவரும் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் நின்றுகொண்டேன். மனைவியின் முகம் கண்ணுக்குள் வந்தது. தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்று பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில், ஊரைத் தாண்டிய மேட்டு வளைவிலிருந்து ஹாரன் சத்தம். விட்டு விட்டு இல்லை, கையை எடுக்காமல். வண்டி பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பெண்ணின் அப்பாவுக்குச் சட்டென்று உறைத்தது.

“பாய், உங்களத்தான் கூப்புடறாங்க. ஓடுங்க. மூட்ட நம்ம வூட்டுலயே இருக்கட்டும். பெருநாள முடிச்சிக்கினு வாங்க, ஜவுளி எங்கயும் போயிடாது.”

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். வளைவில் பஸ் நின்றது. எல்லோரும் கீழே இறங்கியிருந்தார்கள். அங்கே மரங்கள் விலகி மேற்கு திறந்திருந்தது. கண்டக்டர் விரல் காட்டிய இடத்தில், மேகத்துக்குக் கீழே, தேங்காய்க் கீற்று மாதிரி மெல்லிசாகப் பிறை. நான் கையேந்தி துஆ கேட்டேன். என்னைச் சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“பிறய பாத்தா அடுத்து நல்ல மூஞ்சியா பாக்கணும்” என்று புளி மூட்டை அக்கா சுற்றுமுற்றும் தேடினார். கடைசியில் என்னிடம் வந்து நின்றார். “பாய் மூஞ்சியே போதும். மாசம் பூரா நோம்பு இருந்த மூஞ்சி.” பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் கண் கலங்கிவிட்டது.

வீட்டு வாசலில் நின்ற மனைவி, “இப்பதான் ரேடியோல சொன்னாங்க, அதுக்குள்ள எப்படி வந்தீங்க?” என்றாள். பஸ்காரர்கள் பிறை பார்த்துக் கூப்பிட்டார்கள் என்றேன். அவள் நம்பவே இல்லை.

அந்த பஸ்ஸில் என்னைத் தவிர யாருக்கும் நோன்பும் இல்லை, பெருநாளும் இல்லை. வீட்டுக்கு நேரமாகிறது என்று ஒருவர்கூட முணுமுணுக்காமல் எனக்காக வானத்தைப் பார்த்து நின்றார்களே, பெயர்கூடத் தெரியாத அவர்களையும் சேர்த்துத்தான் இன்றுவரை பெருநாள் துஆவில் கையேந்துகிறேன்.