என் மச்சினன் செய்த கேசட் உபயம்

என் மனைவியின் தம்பி ஒரு காலத்தில் மலாக்காவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பேர் போன ராக் அண்ட் ரோல் பாடகன். தீபாவளிக் கலைநிகழ்ச்சி என்றால் அவன் கித்தார் இல்லாமல் நடக்காது. முன்முடியைத் தூக்கி வாரி, இறுக்கமான கால்சட்டை போட்டு, முழங்கால் மேடையைத் தொடுகிற அளவுக்கு வளைந்து ஆடிப் பாடுவான். சனம் விசில் அடிக்கும். அவன் அக்கா மட்டும் அந்தப் பக்கமே போக மாட்டாள். "சாமி கொடுத்த தொண்டைய இப்படியா ஆட்டத்துக்கு விடுறது?" என்பாள். எனக்குத் தெரிந்து அவள் அவன் பாட்டை ஒரு தடவையும் உட்கார்ந்து கேட்டதில்லை.

தொண்ணூறுகளில் அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா வேலை, காவல் காப்பது. அப்போதுதான் கடைசியாக ஒரு கேசட் போட்டுவிட வேண்டும் என்று கிளம்பினான். மலாக்காவில் கடை மாடி ஒன்றில் இருந்த ஸ்டூடியோவுக்கு நானும் துணைக்குப் போனேன். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். பாட்டுகள் தமிழ், தாளம் அந்தப் பழைய துள்ளல். கடைசிப் பாட்டு மட்டும் மெதுவானது, அக்காவுக்கும் அவனுக்கும் அம்மாவான என் மாமியாரைப் பற்றியது. அதன் கடைசி அடியில் அவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. ரெக்கார்டிங் செய்த பையன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "அங்கிள், மூச்சு சத்தம் விழுது. இன்னொரு டேக் போலாம்லா" என்றான்.

"இந்த வயசுல மூச்சு வாங்காம என்னா செய்யும்? இருக்கட்டும் தம்பி, விடு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னான்: "கடையில ஓடுதோ ஓடலியோ மாமா, அக்கா ஒரு வாட்டி முழுசா கேட்டா போதும் எனக்கு."

கேசட் வந்ததும் ஒன்றை அவளிடம் கொடுத்தான். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல், அலமாரியில் சாமி பாட்டுக் கேசட்டுகளுக்குப் பின்னால் வைத்தாள். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் பூஜை அவனுடைய உபயம். கேசட்டுகள் விற்பனைக்குக் கடைக்குப் போகுமுன் ஒன்று சாமி காலில் பட வேண்டும் என்று, அர்ச்சனைத் தட்டில் தேங்காய் பழத்தோடு வைத்தான். அட்டையில் இருந்தது அவன் முகம் மட்டும், நெற்றி நிறையத் திருநீறு. படம் பிடித்த அன்று கோயிலிலிருந்து நேராகப் போயிருந்தான். கித்தார் படத்தில் விழவில்லை. தட்டு திரும்பி வந்தபோது, ஒலிபெருக்கி பார்க்கும் பெரியவர் கேசட்டைக் கையில் எடுத்தார்.

"தம்பி, இது ஒங்க உபயமா?"

பூஜையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஆமாண்ணே, என் உபயம்தான்" என்று கும்பிட்டான்.

கோயிலுக்குக் கொடுத்த பக்திப் பாட்டு என்று எண்ணி, பெரியவர் அதைப் போட்டுவிட்டார். முதலில் டிரம், அப்புறம் கித்தார், அப்புறம் "ஹேய்!" என்று அவன் குரல். சுண்டலுக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் ஆடத் தொடங்கின. கோயில் தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"யோவ், என்னய்யா இது? முருகனுக்கு டிஸ்கோவா?"

"உபயம்னு சொன்னாருங்க!"

"நிறுத்துய்யா மொதல்ல!"

முதல் பாட்டு பாதியில் நின்றது. என் மனைவி மடப்பள்ளி வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முருகன் கோபித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் காலில் வைத்து எடுத்ததுதானே.

வெட்கத்தில் மச்சினன் கொஞ்ச நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தான். அவன் அக்கா தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"அந்த அம்மா பாட்டுல கடைசியில ரொம்ப மூச்சு வாங்குதுடா. சிகரெட்ட விட்டுத் தொல."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் என் பக்கம் சாய்ந்தான்.

"மாமா, கோயில்ல மொதப் பாட்டே முழுசா ஓடலியே" என்றான், குரலைத் தாழ்த்தி.

நான் அலமாரியைக் காட்டினேன். கேசட் சாமி பாட்டுகளோடு முன்வரிசையில் இருந்தது. மேலே பிளாஸ்டிக் இல்லை.